டெட்ரிஸ் முதல் வடலூர் வரை: அந்த மெட்டு யாருக்குச் சொந்தம்?

வடலூர் தைப்பூசத் திருவிழாவை போனில் எடுத்து, பின்னணியில் ஒரு திருவருட்பா பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போடுறீங்க. கொஞ்ச நேரத்துல 'காப்புரிமைப் புகார்' என்று அறிவிப்பு வருது, ஆடியோ மியூட். 'வள்ளலார் பாட்டுக்கு யாருங்க உரிமை கேட்கிறது?' என்று கோபம் வரும். அந்தக் கேள்விக்கான பதிலை பழைய வீடியோ கேம்களில் இருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும்.

கேம் இசை எங்கிருந்து வந்தது?

1989-ல் கேம்பாய் கருவியில் வந்த டெட்ரிஸின் பிரபல மெட்டு, நிண்டெண்டோ புதிதாக உருவாக்கியது அல்ல. அது 'கொரோபெய்னிகி' என்ற ரஷ்ய நாட்டுப்புறப் பாடல். வரிகள் கவிஞர் நெக்ராசோவ் 1861-ல் எழுதிய கவிதையில் இருந்து வந்தவை. அதே கேமின் இன்னொரு மெட்டு, ஜெர்மானிய இசைமேதை பாக்கினுடையது. இரண்டுமே யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத பழைய மெட்டுகள்.

காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளின் கதை வேறு. உரிமம் முடிந்ததால் 2018-ல் ஜிடிஏ 4 கேமில் இருந்து பல பாடல்கள் நீக்கப்பட்டன. கேமை முன்பே காசு கொடுத்து வாங்கியவர்களும் தப்பவில்லை.

நம்ம ஊரில்?

இதே தேடல் இங்கேயும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்', பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. 'நோட்டுஸ்வரம்' எனப்படும் இந்த வகைப் பாடல்களின் ஸ்வரங்கள் அச்சில் இருப்பதால், மூலத்தை ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

சிதம்பரம் நடராஜரைப் பாடிய முத்துத்தாண்டவர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். வரிகள் இருக்கின்றன, அவர் பாடிய மெட்டுகள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. இன்று மேடையில் கேட்பவை பின்னாளில் மற்றவர்கள் அமைத்தவை.

வள்ளலார் காலமும் அப்படித்தான். திருவருட்பா 1867-ல் அச்சேறியது. அவர் மறைந்த 1874-க்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியையே கண்டுபிடித்தார். அவர் குரலில் ஒரு பதிவு இருக்க வாய்ப்பே இல்லை.

அப்போ உரிமை யாருக்கு?

ஒரு பாட்டில் மூன்று அடுக்குகள் உண்டு: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுள் மற்றும் அதன்பின் 60 ஆண்டுகள் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள்.

அதனால் வள்ளலாரின் வரிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் 1990-களில் ஓர் இசையமைப்பாளர் அதற்குப் புது மெட்டு போட்டு, ஒரு கேசட் நிறுவனம் வெளியிட்டிருந்தால், அந்த மெட்டும் பதிவும் பொது அல்ல. புகார் வருவது இந்த இரண்டு அடுக்குகளில் இருந்துதான்.

என்ன செய்யலாம்?

பாட்டைச் சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்க: எழுதியது யார், மெட்டு போட்டது யார், இது எந்த ஆண்டுப் பதிவு? பரம்பரையாகப் பாடப்படும் மெட்டில் நீங்களே பாடினால் சட்டப்படி சிக்கல் இல்லை. அப்பவும் தானியங்கி மென்பொருள் தவறாகப் பிடித்தால், ஆட்சேபம் தெரிவிக்க அந்தத் தளத்திலேயே வழி இருக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். பழைய மெட்டு தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவங்க அனுமதியோட பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்க. யாரிடம் கற்றார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் குறித்து வையுங்க. முத்துத்தாண்டவர் காலத்தில் இல்லாத வசதி, இப்போ எல்லார் பாக்கெட்டிலும் இருக்கு.