பறவை பார்க்க வருவோரை வரப்புக்கு அழையுங்கள்

தென் சென்னைக்குக் கிண்டிக் காடு இருக்கிறது. 1978ல் தேசியப் பூங்காவான அங்கே விவரம் தெரிந்த ஒருவருடன் காலையில் நடந்தால் பல பறவைகளைக் காணலாம். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் எண்ணெய்த் தொட்டிகளும் அடைத்துக்கொண்ட வடசென்னைக்கு அப்படி ஒரு காடு இல்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பறவை ஆர்வம் கொண்டவர்கள் எண்ணூர் கழிமுகத்துக்கோ, பூநாரை தேடிப் பழவேற்காட்டுக்கோ போகிறார்கள். வழியில் உள்ள மீஞ்சூர், பொன்னேரி வட்டார வயல்களில் அவர்கள் இறங்க வேண்டும். இறக்கி வழிகாட்ட வேண்டியவர்கள் விவசாயிகள் என்பது என் கருத்து.

கழிமுகத்து அலையாத்தி மரங்களை விட்டால், இப்பகுதியில் எஞ்சியுள்ள நாட்டுக்காடு நம் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் பனையும் வேம்பும் புங்கனும் நுணாவும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய் அப்பியது. அதைத் தடுப்பது அரசும் ஆலைகளும் செய்ய வேண்டிய வேலை. வரப்பு மரமோ நம் கையில் இருக்கிறது.

குருத்து போன மொட்டைப் பனையை எதற்கும் ஆகாது என்று சாய்த்துவிடுகிறோம். அதன் பொந்தில்தான் பனங்காடையும் கிளியும் குஞ்சு பொரிக்கின்றன. பெயரிலேயே பனையை வைத்திருக்கும் பனங்காடை வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடித்துத் தின்னும். கூகையை அபசகுனம் என்று கல்லால் அடிக்கிறார்கள். அதன் முக்கிய இரையே எலி. காசு வாங்காமல் இரவுக்காவல் செய்கிற பறவை அது! புரோமடையலான் மருந்து தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகக்கூடும். தூக்கணாங்குருவி நெல் தின்பது உண்மையே. ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையும் ஊட்டுகிறது. மரமே இல்லாத வயலில் ஏக்கருக்கு 20 இடங்களில் 'டி' வடிவக் குச்சி நட்டால் கரிச்சானும் மைனாவும் வந்து உட்காரும்.

இவற்றை நகரத்து மாணவர்கள் புத்தகப் பெயரால் அறிவார்கள். எந்தப் பொந்தில் எது அடைகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். வழிகாட்டும் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதில் வெட்கம் வேண்டியதில்லை. ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். காலை 6 மணி முதல் 8 மணி வரை போதும். கூட்டருகே போவதும் பொந்தில் கைவிடுவதும் கூடாது.

தொடங்க நல்ல சமயம் பொங்கல். 2015 முதல் ஆண்டுதோறும் அந்த நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, கண்ட பறவைகளைக் குறித்தால் போதும். வலசை வந்த வாத்துகள் அப்போது ஏரிகளில் இருக்கும். நவரை நாற்றங்காலும் இருக்கும். அந்த வரப்பில் மட்டும் யாரையும் ஏற விடாதீர்கள்.