கரணைக்கும் ஆலை பங்கு தரட்டும்

சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளி விவசாயிகள் புதிய மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டார்கள். 2020-இல் கேரளத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட இப்பூச்சி, விரைவில் இங்கும் பரவிக் குருத்துகளைச் சுருட்டியது. மாவு போன்ற மெழுகு உடலை மூடியிருப்பதால் மருந்து எளிதில் படுவதில்லை.

வழி காட்டியது பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியே. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய சிறு குளவியைப் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் தருவித்து, பெங்களூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வளர்த்தது. ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் அது வெளியிடப்பட்டது. இதன் பயன் விவசாயிக்கு மட்டுமா? கிழங்கு இல்லையேல் சேகோ ஆலையும் இல்லை.

அடுத்த தேவை, நோயற்ற கரணை. கிழங்கு ஆலைக்குப் போகிறது. தண்டு அடுத்த பயிருக்கு விதையாகிறது. தேமல் நோயும் மாவுப்பூச்சியும் அத்தண்டோடு சேர்ந்தே ஊர் ஊராகப் பயணம் செய்கின்றன. தேமலைத் தாங்கும் இரகங்களைத் திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. ஆனால் பெருக்குவதில்தான் சிக்கல். ஒரு செடியில் ஏறத்தாழ 10 கரணைகளே கிடைக்கும். மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு 4,840 கரணை வேண்டும். நூறு தாய்ச் செடிகளிலிருந்து தொடங்கினால், மூன்று போகம் கடந்த பின்னரே சுமார் 20 ஏக்கருக்குக் கரணை சேரும். இரண்டு கணுக்கள் கொண்ட சிறு துண்டுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டால் இன்னும் வேகமாகப் பெருக்கலாம். அதற்கு நிழல்வலை, தண்ணீர், கூலி எல்லாம் வேண்டும். ஆராய்ச்சி நிலையம் தனியாக இச்சுமையைத் தாங்க முடியாது. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவரும் தாங்க முடியாது.

எனவே சேகோ ஆலைகள் முன்வர வேண்டும். ஆராய்ச்சி நிலையம் தாய்ச் செடியைத் தரட்டும். ஆலைகள் நாற்றங்கால் செலவையும் வண்டி வாடகையையும் ஏற்கட்டும். கரணை பெருக்கும் வேலையை விவசாயி தம் நிலத்தில் கூலியும் குத்தகையும் பெற்றுச் செய்யட்டும்.

இந்தக் கூட்டுக்குச் சில நிபந்தனைகள் அவசியம். கரணை கொடுத்த செலவைக் கிழங்கு விலையில் பிடித்தம் செய்யக் கூடாது. கரணை வாங்கியவர் அந்த ஆலைக்கே விற்க வேண்டுமென்ற கட்டாயமும் கூடாது. மாவுச்சத்துப் புள்ளியை விவசாயியின் கண்ணெதிரே பார்த்துச் சொல்ல வேண்டும். ஓர் இரகம் நன்றாக வருகிறதென்று வட்டாரம் முழுவதும் அதையே நடுவதும் ஆபத்து. இரண்டு மூன்று இரகங்களாவது இருக்க வேண்டும்.

மக்கள் வரிப்பணத்தில் கண்ட பலனை ஆலையும் அனுபவிக்கிறது. செலவில் பங்கு கேட்பது சலுகை கேட்பதாகாது; நியாயம் கேட்பதேயாகும். ஏக்கர் கணக்கில் தனித்தனியே கேட்டால் குரல் எடுபடாது. கிராமந்தோறும் மரவள்ளி விவசாயிகள் ஒன்றுகூடி, அடுத்த நடவுக்கு முன்பே இக்கோரிக்கையை ஆலைகளிடமும் வேளாண்மைத் துறையிடமும் வைக்க வேண்டும்.