பாதியில் நிற்கும் ஸ்வெட்டர்

போகிக்கு முந்தைய வாரம் பீரோவின் அடித்தட்டைக் காலி செய்யும்போது, பல வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் பை வெளியே வரும். உள்ளே இரண்டு உருண்டை உல்லன் நூல், ஊசியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும் பாதி ஸ்வெட்டர், மடிப்பில் கிழிந்த டிசைன் தாள். யாருக்காகத் தொடங்கியது என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் குழந்தை இப்போது ஏழாம் வகுப்பு படிக்கும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடு பை மறுபடி அதே தட்டுக்குப் போய்விடும்.

தூக்கிப் போட மனம் வராது. உட்கார்ந்து பின்ன நேரம் வராது. பையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்னக் குற்ற உணர்ச்சி மட்டும் வந்து போகும். அப்படிப்பட்ட பைக்கு மூன்றே வழிகள்தான்: முடிப்பது, பிரிப்பது, வேறு ஒருவர் கையில் கொடுப்பது. மூன்றில் எதைச் செய்தாலும் சரி. பீரோவிலேயே விட்டு வைப்பதுதான் நூலுக்கும் ஆகாது, மனதுக்கும் ஆகாது.

நேரம் இல்லையா?

நிறுத்தியதற்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம் நேரம். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்னக் குழந்தைக்கான ஸ்வெட்டரின் பின்பாகத்துக்கு, மெல்லிய நாலு இழை நூலில், ஊசியில் 84 கண்ணிகள் இருக்கும். நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் சாதாரண வேகத்தில் ஒரு வரிசைக்கு நாலு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். சாதம் வைத்த குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரத்தில் ஒரு வரிசையாவது முடிந்துவிடும்.

அரை மணி நேரத்தில் ஏழு வரிசை. பின்பாகத்துக்கு ஏறக்குறைய 122 வரிசை வேண்டும் என்றால், தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் 18 நாட்கள். முன்பாகத்துக்கு அதே அளவு, இரண்டு கைகளுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே அளவு. ஐப்பசி தொடக்கத்தில் ஊசியை எடுத்தால், மார்கழிக் குளிருக்குள் குழந்தை போட்டுக்கொள்ளலாம்.

அந்த அரை மணி நேரம் ஒரே மூச்சில் கிடைக்காது என்பதுதான் வீட்டு நிலவரம். பால்காரர் கூப்பிடுவார், பள்ளி வேன் வரும், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால், எங்கே விட்டோம் என்று யோசிக்க வைக்கும் சிக்கலான டிசைன், பகலில் அடிக்கடி எழுந்திருக்கும் கைக்குச் சரிப்படாது. நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை என்று போகிற பகுதியைப் பகலில் வைத்துக்கொண்டு, கழுத்து குறைப்பது, கை சேர்ப்பது போன்றவற்றை எல்லோரும் தூங்கிய பிறகு செய்பவர்களின் ஸ்வெட்டர் முடிந்துவிடுகிறது. வரிசையை நடுவில் விட்டு எழுந்திருக்காமல், முடித்துவிட்டு எழுந்திருப்பது இன்னொரு நல்ல பழக்கம். தாளில் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை எண்ண வேண்டியதில்லை.

பலருக்கு உண்மையான தடை வேறு. நடுவில் எங்கோ ஒரு தவறு தெரிந்திருக்கும். அல்லது பின்பாகம் முடிந்த பிறகு அகலம் கூடிவிட்டது தெரிந்திருக்கும். அதை ஒப்புக்கொள்ள மனம் இல்லாமல்தான் பை பீரோவுக்குப் போயிருக்கும்.

முதலில் அளவு நாடா

பையை எடுத்ததும் ஊசியை ஓட்ட வேண்டாம். அளவு நாடாவை எடுக்க வேண்டும். பின்னிய துண்டைச் சமதளத்தில் இழுக்காமல் விரித்து, 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணுவது முதல் வேலை. 28 கண்ணி என்றால், 84 கண்ணிக்கு 30 செ.மீ. அகலம். முன்னும் பின்னும் சேர்த்தால் 60 செ.மீ. சுற்றளவு. போட்டுக்கொள்ளப் போகிற குழந்தையின் மார்புச் சுற்றளவு இதைவிட ஐந்தாறு செ.மீ. குறைவாக இருந்தால் ஸ்வெட்டர் பொருந்தும். இல்லையென்றால் மேலே பின்னுவது வீண் உழைப்பு.

அடுத்தது நூல். லேபிள் தொலைந்துபோன நூல் கம்பளியா, அக்ரிலிக்கா என்று தெரிய, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினால் போதும். கம்பளி மெதுவாக எரிந்து, முடி கருகும் வாசனை அடிக்கும். சாம்பலை விரலால் நசுக்கலாம். அக்ரிலிக் உருகி, கெட்டியான கரும்பொட்டாக நிற்கும். கம்பளியைப் பூச்சி அரிக்கும் என்பதால் அந்த உருண்டைகளை வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஆங்காங்கே அறுந்து வந்தால் அது பூச்சி வேலை.

நூல் போதவில்லை என்றால், பழைய நிறத்தை அப்படியே கடையில் தேடி அலைவதில் பயன் குறைவு. ஒரே நிறம் என்றாலும் சாயம் ஏற்றிய தொகுதி மாறினால் பக்கத்தில் வைக்கும்போது வித்தியாசம் தெரியும். அதைவிட, கைகளையும் பார்டரையும் முற்றிலும் வேறு நிறத்தில் பின்னிவிட்டால் வேண்டுமென்றே செய்ததுபோல் அழகாக இருக்கும்.

பிரிப்பது தோல்வி இல்லை

அளவு சரியில்லை, கொடுக்க நினைத்த குழந்தை வளர்ந்துவிட்டது என்றால் பிரிக்கலாம். பின்னலின் தனிச் சிறப்பே அதுதான். வேட்டி நெய்த துணி. குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடும். பனியன் பின்னிய துணி. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் நுழைந்து நிற்கும். திருப்பூர் இயந்திரம் போடுவதும் வீட்டில் ஊசி போடுவதும் அதே வளையம்தான். பனியனில் சின்ன ஓட்டை விழுந்தால் ஏணிபோல் ஓடுவதும், ஸ்வெட்டரை நூல் நுனியைப் பிடித்து முழுதாகப் பிரிக்க முடிவதும் ஒரே காரணத்தால்தான்.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். நாற்காலியின் முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடங்களில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, பிழியாமல் துண்டில் அழுத்தி நீரை எடுத்து நிழலில் தொங்கவிட்டால், கம்பளி நூல் சுருக்கம் நீங்கி நேராகிவிடும். கம்பளியைச் சுடுநீரில் போட்டுத் தேய்த்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு கெட்டியாகிவிடும். அதில் மட்டும் கவனம் தேவை.

முழுவதும் பிரிக்க மனமில்லாதவர்கள், தவறு இருக்கும் வரிசைக்குக் கீழே ஒரு வரிசையில், மெல்லிய பருத்தி நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவிட்டுப் பிரிக்கலாம். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பின்னல் அந்த நூலில் வந்து நின்றுகொள்ளும்.

கை மாறும்போது

மூன்றாவது வழிதான் கடினமானது. பின்னியவருக்கு இனி பின்ன முடியாது, ஆனால் பிரிக்கவும் யாருக்கும் கை வராது என்ற நிலை சில வீடுகளில் வரும்.

குன்னூரில் ஒரு வீடு. பேத்திக்காக ஸ்வெட்டர் தொடங்கிய மாமியாருக்குப் பின்பாகமும் முன்பாகத்தில் பாதியும் முடிந்த நிலையில் பக்கவாதம் வந்து, வலது கை சொன்னபடி கேட்காமல் போனது. வீட்டுக்குத் திரும்பிய அவர் முதலில் செய்த காரியம், பின்னல் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. இரண்டு மாதம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெருக்கும்போது மருமகள்தான் அதை எடுத்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியில் கற்ற நிட்டும் பர்லும்தான்.

"அத்தை, இது எத்தனாம் நம்பர் ஊசி?"

"பத்தாம் நம்பர். அதெல்லாம் எதுக்கும்மா இப்போ?"

ஊசி ஒன்று வளைந்திருந்தது. மருமகள் ஆன்லைனில் பத்தாம் நம்பர் ஜோடி ஒன்றை வரவழைத்தார். பத்து வரிசை போட்டதும் பின்னல் கொசுவலை மாதிரி வந்தது. வந்திருந்தது அமெரிக்க அளவில் பத்து. அதன் கனம் 6 மி.மீ. நம் கடைகளில் காலங்காலமாகப் புழங்கும் பழைய பிரிட்டிஷ் அளவில் பத்து என்றால் 3.25 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் கூடக் கூடத் தடிக்கும். எண்ணை விட்டுவிட்டு மி.மீ. பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

சரியான ஊசி வந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. மருமகளுக்கு இறுக்கமான கை. அத்தை கையில் 30 செ.மீ. வந்த 84 கண்ணி, இவர் கையில் 28 செ.மீ.தான் வந்தது. கையெழுத்துபோல, பின்னலும் ஆளுக்கு ஆள் மாறும். மாமியார் துண்டை இடது கையால் தடவிப் பார்த்தார். நெடுநாள் கழித்து அவர் முகத்தில் பழைய கண்டிப்பு வந்தது.

"நூலை இந்த இழு இழுத்தா அது என்னத்துக்கு ஆகும்? ஒம்பதாம் நம்பருக்கு மாத்து. கை தானா சரியாயிடும்."

ஒன்பதாம் நம்பர், அதாவது 3.75 மி.மீ. ஊசிக்கு மாறியதும் அகலம் சரியாக வந்தது. அதன் பிறகு தினமும் மாலை, ஒருவர் எண்ண, மற்றவர் பின்ன, வேலை நடந்தது. கழுத்துக்குக் குறைக்கும் கணக்கை மாமியார் வாயால் சொன்னார். பேச்சும் கொஞ்சம் குழறியிருந்ததால் சில எண்களை இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மருமகள் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

முடிந்த ஸ்வெட்டரில், முன்பாகத்தின் நடுவே கை மாறிய இடம் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. துவைத்தால் கொஞ்சம் சமனாகும், முழுக்க மறையாது. அந்த இடத்தைப் பிரித்து மறுபடி பின்னலாமா என்று மருமகள் கேட்டதற்கு, மாமியார் வேண்டாம் என்று தலையாட்டினார். "நான் விட்ட எடம் தெரியட்டும். நீ புடிச்ச எடமும் தெரியட்டும்" என்றார்.

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மருமகளோ மகளோ அமைவதில்லை. பின்னத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2022இல் இரண்டு தோழிகள் தொடங்கிய 'லூஸ் எண்ட்ஸ்' என்ற அமைப்பு இதே வேலையைத்தான் செய்கிறது. இறந்துபோனவர்களும், உடல்நலம் குன்றியவர்களும் பாதியில் விட்டுச் சென்ற கைவேலையை, தன்னார்வலர்கள் வாங்கி முடித்துக் குடும்பத்திடமே இலவசமாகத் திருப்பித் தருகிறார்கள். அங்கேயும் பீரோக்களில் இதே பைகள்தான் கிடக்கின்றன.

ஒரு துண்டுச் சீட்டு

கை மாறினாலும், அதே கை ஆறு மாதம் கழித்துத் திரும்பினாலும் உதவுவது ஒரு துண்டுச் சீட்டு. இப்போது பின்னிக்கொண்டிருக்கும் எல்லோரும் பைக்குள் அதை வைத்துவிடலாம். அதில் எழுத வேண்டியவை ஐந்தே விஷயங்கள்: ஊசி எத்தனை மி.மீ., 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எந்த வரிசையில் நிற்கிறது, நூலின் லேபிள், யாருக்காகத் தொடங்கியது.

சில நாள் நிறுத்துவதாக இருந்தால், கண்ணிகளை ஊசியிலிருந்து தடித்த பருத்தி நூலுக்கு மாற்றி முடிச்சுப் போட்டு வைப்பது நல்லது. உலோக ஊசி துருப்பிடித்துக் கறையாக்காது; குழந்தைகள் ஊசியை உருவி விளையாடவும் முடியாது. கைக்குழந்தைக்கான ஸ்வெட்டர் என்றால், உள்பக்கம் நீளமான நூல் தொங்கக் கூடாது. பிஞ்சு விரலில் அது சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

ஐந்தில் கடைசி விஷயத்தைப் பலர் எழுதாமல் விடுவார்கள், அது மறக்காது என்ற நம்பிக்கையில். இருபது வருடம் கழித்துப் பையைத் திறக்கும் மகளுக்கு ஊசி அளவைக் கடைக்காரர் சொல்லிவிடுவார், கண்ணியை அவளே எண்ணிக்கொள்வாள். அந்தப் பெயரை மட்டும் எழுதி வைத்தால்தான் உண்டு.