வீட்டு வீடியோவும் நாங்கள் விட்ட பிழையும்



முப்பத்தொன்று, பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, குடிபூரல் என்று எங்கள் வீடுகளில் கொண்டாட்டங்களுக்குக் குறைவில்லை. முன்னர் வீடியோக்காரரைப் பிடித்தால்தான் படம். இன்று எல்லார் கையிலும் கமெரா உள்ள தொலைபேசி இருக்கிறது. எடுத்ததை வெட்டி ஒட்டி ஒரு படமாக்குவது எப்படி என்று புதிதாக வந்த சில குடும்பங்கள் எங்களிடம் கேட்டன. இம்முறை அதையே எழுதுகிறோம். வழி சொல்லமுன் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

2014ஆம் ஆண்டு மகளின் முதலாவது பிறந்தநாள். அப்போது ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் இருந்தோம். ஊரிலிருந்து அப்பா ஒரு சின்ன வீடியோ அனுப்பியிருந்தார். முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நிமிடமளவில் கதைத்தார். பின்னால் கோழி கொக்கரித்துக்கொண்டு நின்றது.

இரவு வேலை முடித்து வந்து, பழைய மடிக்கணினியில் 'மூவி மேக்கர்' என்ற மென்பொருளைத் திறந்து, நாலைந்து நாள் இருந்து படம் செய்தோம். கோழிச் சத்தம் இடைஞ்சல் என்று அப்பாவின் பகுதியைப் பத்து விநாடியாக வெட்டி, அவர் குரலை முழுதாகக் குறைத்து, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டோம். பார்த்த எல்லாரும் நல்லாயிருக்கென்றார்கள். தொலைபேசி நிரம்பியதும் எடுத்த வீடியோக்களை அழித்தோம். மடிக்கணினியிலும் அழித்தோம். படம்தான் செய்தாயிற்றே, பிறகு ஏன் என்ற நினைப்பு.

2016இல் அப்பா காலமானார். எங்களால் போக முடியவில்லை. அன்றிரவு, அந்தக் குரலையாவது கேட்போம் என்று பழைய வேலைக்கோப்பைத் திறந்தோம். ஒவ்வொரு துண்டும் இருந்த இடத்தில் மஞ்சள் முக்கோண அடையாளம் மட்டும் நின்றது. வீடியோவைக் காணவில்லை என்பது அதன் பொருள். முடிந்த படத்தில் அப்பா வாயசைக்கிறார். பாட்டுத்தான் கேட்கிறது. "அப்பப்பா என்ன சொல்றார்?" என்று மகள் இப்போதும் கேட்பாள். நினைவில் உள்ளதைச் சொல்கிறோம்.

நடந்தது இதுதான். இந்த மென்பொருட்களில் வேலைக்கோப்பு என்பது சமையல் குறிப்பு மாதிரி. எந்த வீடியோவை எங்கே வெட்டுவது, எந்தச் சத்தத்தைக் குறைப்பது என்ற கட்டளைகள்தான் அதற்குள் இருக்கும். வீடியோ அதற்குள் இருக்காது. நீங்கள் எவ்வளவு வெட்டினாலும் மென்பொருள் மூலப்பிரதியைத் தொடாது. வேண்டிய நேரம் வெட்டியதைத் திரும்ப நீட்டலாம், குரலைத் திரும்பக் கூட்டலாம். மூலப்பிரதியை அழித்தால் மட்டும் ஒன்றும் செய்யமுடியாது. அப்பாவின் குரலை மென்பொருள் அழிக்கவில்லை, நாங்கள்தான் அழித்தோம்.

இனி வழிக்கு வருவோம்.

மூவி மேக்கர் 2000ஆம் ஆண்டு விண்டோசுடன் வந்தது. 2017 ஜனவரியுடன் மைக்ரோசொவ்ற் அதை நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றை இறக்காதீர்கள், போலிகள் உண்டு. விண்டோஸ் 11இல் 'கிளிப்சாம்ப்' இருக்கிறது. ஐபோன், மக் வைத்திருப்போருக்கு 'ஐமூவி' இலவசம். பழைய கணினி என்றால் 'ஷொட்கட்', 'ஓப்பன்ஷொட்' இரண்டும் இலவசம். முறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: துண்டுகளை உள்ளே எடுத்து, கீழே உள்ள கோட்டில் வரிசையாக வைத்து, வேண்டாத முன்பின்னை வெட்டி, கடைசியில் ஒரே படமாக வெளியே எடுப்பது. எம்.பி.4 என்ற வகையில் எடுத்தால் தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஓடும்.

எடுக்கும்போது தொலைபேசியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். யன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் முகம் கறுக்கும். ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியாவது அசையாமல் எடுங்கள். வயதானவர்கள் கதைக்கும்போது கிட்டப் போய் எடுங்கள். தூரத்தில் நின்றால் மண்டபத்தின் இரைச்சல்தான் பதியும்.

பாட்டுப் போடுவதானால் ஆட்கள் வந்துபோகும் இடங்களில் போடுங்கள். யாராவது கதைக்கத் தொடங்கியதும் பாட்டைக் குறையுங்கள். யூரியூப்பில் போட்டால் சினிமாப் பாட்டுக்கு உரிமை கோரப்படும். சிலவேளை சத்தமே நிறுத்தப்படும்.

ஊரிலிருந்து வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புபவர்களிடம், அதை 'ஆவணம்' என்ற வழியால் அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அளவைச் சுருக்குவதற்காகத் தெளிவு குறைக்கப்பட்டே வரும்.

முக்கியமானது, மூலப்பிரதிகளை ஆண்டு, மாதம், நிகழ்வு என்று பெயரிட்ட கோப்புறையில் வையுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்க, இன்னொன்றைத் தனி வன்தட்டில் போட்டு வேறொரு வீட்டில், சகோதரியிடமோ சிநேகிதரிடமோ கொடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்த பொருளுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு அல்பம் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. அப்பாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

முன்பே வந்த உறவினர் வீடுகளில் வீ.எச்.எஸ். கசற்றுகள் கிடக்கும். தொண்ணூறுகளில் கலியாணமும் செத்தவீடும் கசற்றில்தான் நாடு விட்டு நாடு போயின. கனடாவிலிருந்து வந்த கசற் இங்குள்ள பல டெக்குகளில் ஓடாது. இங்கே 'பால்' முறை, விநாடிக்கு 25 படம், அங்கே 'என்.ரி.எஸ்.சி.' முறை, ஏறக்குறைய 30 படம். இரண்டையும் ஓட்டும் டெக் வேண்டும். கடைசியாக வீ.எச்.எஸ். டெக் செய்துவந்த யப்பானின் பூனாய் நிறுவனமும் 2016 யூலையில் நிறுத்திவிட்டது. உள்ள டெக்குகள் பழுதாக முன்னர் கசற்றுகளைக் கணினிக்கு மாற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த கசற்றை டெக்கில் போடாதீர்கள். கசற்றும் கெடும், டெக்கும் கெடும். துப்புரவாக்கி மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள். பொதுவில் வைக்கத் தகுந்த பழைய ஊர்ப் பதிவுகள் இருந்தால், 2005 முதல் எங்கள் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துடன் தொடர்புகொள்ளலாம்.

இன்னொன்று. ஊரில் உள்ளவர்களின் முகத்தையோ வீட்டையோ அவர்களைக் கேளாமல் முகநூலில் போடாதீர்கள். எங்களுக்குக் கொண்டாட்டமாக இருப்பது அவர்களுக்குக் கரைச்சலாகலாம். வீட்டுப் படம் வீட்டுக்காரருக்கென்றே இருக்கட்டும்.

படம் வடிவாக வராவிட்டால் பரவாயில்லை. அதை அடுத்த வருடமும் திருத்தலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கதைக்கும்போது, அம்மாவையோ அப்பாவையோ ஐந்து நிமிடம் ஏதாவது சொல்லச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் கோழி கத்தினால் கத்தட்டும். வெட்டாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.