வரப்பை வெட்டிட்டா வெளியேத்தினதா ஆகிடுமா?

பக்கத்து வயல்காரர் பதினெட்டு வருசமா மூணு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்றார். நிலம் கைமாறிடுச்சு. புதுசா வாங்கினவர் போன வாரம் ஜேசிபியோட வந்து, தூர் கட்டி நின்ன சம்பாப் பயிரை அப்படியே மண்ணோட மண்ணா அமுக்கிட்டார். கேட்டா, "பத்திரம் என் பேர்ல இருக்கு"ங்கிறார். டீக்கடையிலயும் அதே பேச்சு: "நிலம் அவரோடது, அவர் காலி பண்றார், நமக்கென்ன?"

நமக்குத்தான்யா எல்லாம்.

பத்திரம் இருந்தா நிலம் அவருடையது, சரி. ஆனா ஆளை வெளியேத்துற அதிகாரம் பத்திரத்துல இல்லை. 1955-ஆம் வருச சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானும் தன் குடும்பமும் உடம்பு வருத்தி உழுகிறவனை வெளியேத்தணும்னா ஆர்.டி.ஓ.கிட்ட மனுப் போடணும். காரணமும் வேணும்: குத்தகைப் பாக்கி, நிலத்தையோ பயிரையோ நாசம் பண்ணினது, விவசாயம் தவிர வேற காரியத்துக்கு விட்டது, நிலக்காரரோட உரிமையையே வேணும்னு மறுத்தது. விசாரிச்சு உத்தரவு வந்தாத்தான் அது வெளியேற்றம். மத்ததெல்லாம் அடாவடி. நிலத்தை வித்துட்டதால குத்தகை செத்துப் போயிடாது.

போலீஸ்ல "இது சிவில் மேட்டர்"னு அனுப்பிட்டாங்க. சரி, சிவிலுக்கே போவோம். 1963-ஆம் வருச குறித்தவகை தீர்வுச் சட்டம் 6-ஆம் பிரிவுல, சட்ட வழி இல்லாம அனுபவத்துல இருந்து இறக்கப்பட்டவன் 6 மாசத்துக்குள்ள வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பக் கேக்கலாம். பத்திரம் யார் பேர்லங்கிற கதை அதுல எடுபடாது.

நம்ம ஆளுங்களையும் திட்டாம விட முடியலை. பதினெட்டு வருசம் நெல் அளந்தவர் கையில ஒரு ரசீது கிடையாது. 1969-ஆம் வருசத்துல இருந்து குத்தகையைத் தாசில்தார்கிட்ட பதிய சட்டம் இருக்கு. "பெரியவர் மனசு நோகும்"னு பதியலை. பெரியவர் போய்ட்டார், மகன் வித்துட்டார். இப்போ யார் மனசு நோகுது?

எனக்கும் ஒன்றரை ஏக்கர் சொந்தமா இருக்கு. குத்தகைக்கு விட்டா நிலம் போயிடும்கிற பயம் எனக்கும் தெரியும். பயம் இருந்தா சட்டப்படி கேளு. பால் பிடிக்கப்போற பயிர் மேல இரும்பை ஏத்தாதே.

குத்தகை செய்றவங்களே, இந்த அறுவடைக்கு நெல் அளக்கும்போது ரசீது கேளுங்க. கொடுக்க மறுத்தா அன்னைக்கே தாலுகா ஆபீசுக்கு நடங்க.