காம்ப்ரிஹென்ஷன் என்னும் கண்கட்டு வித்தை

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கீழே உள்ள பத்தியைப் படித்துவிட்டு மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். நேரம் ஒரு நிமிடம்.

"மிண்டன் நேற்று காலை பூவங்கியில் மூன்று கிலாவிகளைத் தொளுக்கினான். கிலாவிகள் பசுவலாக இருந்ததால் அவற்றைச் சேம்பிலில் அமட்டி வைத்தான்."

1. மிண்டன் கிலாவிகளை எங்கே தொளுக்கினான்?
2. எத்தனை கிலாவிகளைத் தொளுக்கினான்?
3. அவற்றை ஏன் சேம்பிலில் அமட்டி வைத்தான்?

பூவங்கியில். மூன்று. பசுவலாக இருந்ததால். மூன்றுக்கு மூன்று, சென்டம்! கிலாவி என்பது மீனா, மாங்காயா, மாட்டுவண்டிச் சக்கரமா? யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. ஆனாலும் முழு மார்க் வந்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் டியூஷன் சென்டர்களிலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் 'இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன் பிராக்டிஸ்' என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். பையன்களுக்கும் பெண்களுக்கும் இங்கிலீஷ் பத்தி என்பது கிலாவியும் சேம்பிலும்தான். அதைப் புரிந்துகொள்ள யாரும் சொல்லித் தருவதில்லை. புரியாமலே மார்க் எடுக்கச் சொல்லித் தருகிறார்கள்.

வித்தை ரொம்ப சிம்பிள். கேள்வியை முதலில் படி. அதில் இருக்கிற பெரிய வார்த்தையைப் பிடி. அதே வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு. அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. 'ஒய்' என்று கேட்டால் 'பிகாஸ்' இருக்கிற வரி. 'வென்' என்று கேட்டால் வருஷம் இருக்கிற வரி. 'ஹூ' என்று கேட்டால் கேப்பிட்டல் எழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தை. எதுவுமே கிடைக்கவில்லையா? கேள்வியையே திருப்பி எழுதிவிட்டு வா, ஒரு மார்க்காவது போடுவார்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் வினாத்தாளுக்கு 100 மதிப்பெண். 2019-20 கல்வியாண்டில் இரண்டு தாள்களை ஒன்றாக்கிய பிறகு, கடைசிப் பகுதியில் ஒரு பத்தியைக் கொடுத்து நாலு கேள்வி கேட்கிறார்கள். எட்டு மார்க். "காம்ப்ரிஹென்ஷனா? அது ஃப்ரீ மார்க்" என்று பிள்ளைகளே சொல்வார்கள். முன்பின் தெரியாத ஒரு பத்தியைப் புதிதாகப் படித்துப் புரிந்துகொள்வதுதான் அந்தத் தாளிலேயே கஷ்டமான வேலையாக இருக்க வேண்டும். அது ஃப்ரீ மார்க் ஆகிவிட்டது என்றால் அந்தக் கேள்வி எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். இதில் இன்னொரு கூத்து. 'அன்சீன் பாசேஜ்', அதாவது இதுவரை பார்க்காத பத்தி, விடைகளோடு கைடுகளில் அச்சாகி வருகிறது. பார்க்காத பத்தியைப் பார்த்து மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்!

இது தமிழ் மீடியம் பிள்ளைகளின் பிரச்சினை என்று இங்கிலீஷ் மீடியம் பெற்றோர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷில் படிக்கும் பிள்ளை, பத்தியைத் தடங்கல் இல்லாமல் சத்தமாக வாசிக்கும். மாமாவும் அத்தையும் வாய் பிளந்து கேட்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டு "என்னம்மா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் முழிக்கும். 2023-ல் 'ஏசர்' ஆய்வு இந்தியா முழுக்க 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடந்தது. தமிழ்நாட்டில் பெரம்பலூர். இங்கிலீஷ் வாக்கியத்தை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். வாசித்தவர்களில் அர்த்தம் சொல்ல முடிந்தவர்கள் 73.5 சதவீதம்தான். பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 42 பேர். அதுவும் பத்திகள் அல்ல, சின்னச் சின்ன வாக்கியங்கள்.

நிற்க. "பிராக்டிஸ் போதவில்லை, இன்னும் அம்பது பாசேஜ் கொடுங்கள்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. காம்ப்ரிஹென்ஷன் என்பது தண்டால் எடுப்பது மாதிரி, எடுக்க எடுக்க உடம்பு ஏறும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு பேர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 64 பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், மக்குகள் என்று பெயர் வாங்கியவர்கள் இரண்டு தரப்பும் உண்டு. முடிவு என்ன? பேஸ்பால் தெரிந்த 'மக்குப்' பிள்ளைகள், பேஸ்பால் தெரியாத 'கெட்டிக்கார'ப் பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தவனுக்குப் பத்தி புரிகிறது.

உள்ளூர் உதாரணம் வேண்டுமா? 'த கேப்டன் டிக்ளேர்ட் அட் டீ' என்ற வரியை அமெரிக்க இலக்கியப் பேராசிரியரிடம் கொடுத்தால், டீக்கடையில் உட்கார்ந்து கேப்டன் ஏதோ அறிவித்தார் என்று நினைப்பார். சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிற, இங்கிலீஷில் 40 மார்க் வாங்கிய பையன் சிரிப்பான். அவனுக்கு அந்த வரி மட்டுமல்ல, டீ இடைவேளைக்குள் எத்தனை ரன் சேர்த்திருப்பார்கள், பிட்ச் எப்படி இருக்கும் என்பது வரை தெரியும். அவனுக்குப் புரியும் திறன் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொன்று வார்த்தைகள். ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-ல் செய்த ஆய்வில், ஒரு கதையில் உள்ள வார்த்தைகளில் 80 சதவீதம் மட்டும் தெரிந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது போதுமான அளவு புரியவில்லை. வசதியாகப் புரிய 98 சதவீதம் தேவைப்பட்டது. அதாவது ஐம்பது வார்த்தைக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். ஐந்துக்கு ஒன்று தெரியாத பத்தியை வைத்துக்கொண்டு நூறு தடவை பிராக்டிஸ் செய்தாலும் வளர்வது ஒன்றே ஒன்றுதான்: தேடி எடுத்து எழுதும் வித்தை.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது.

அந்தப் பிள்ளை பி.காம். சேர்கிறது. 'குட்வில் வாஸ் ரிட்டன் ஆஃப்' என்று புத்தகத்தில் இருக்கிறது. அகராதியில் குட்வில் என்றால் நல்லெண்ணம். நல்லெண்ணத்தை எதற்கு எழுதினார்கள்? கணக்குப்பதிவியலில் அது நற்பெயர், அதற்கு ஒரு விலை உண்டு, அதைத்தான் ஏட்டிலிருந்து நீக்குகிறார்கள் என்று வாசித்துப் புரிந்துகொள்ளப் பழக்கம் இல்லை. 'பிராவிஷன் ஃபார் டவுட்ஃபுல் டெட்ஸ்' என்றால் இன்னும் மோசம். பிராவிஷன் என்ற வார்த்தையை அந்தப் பிள்ளை பார்த்த ஒரே இடம் மளிகைக் கடை போர்டு! ஐயக்கடன் ஒதுக்குக்கும் மளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியதில்லை. ஐந்து வருஷக் கொஸ்டின் பேப்பர் இருக்கிறது, நோட்ஸ் இருக்கிறது, அடிக்கோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்து வித்தை டிகிரி வரைக்கும் ஓடும்.

அதற்கப்புறம் ஓடாது. வங்கித் தேர்வின் காம்ப்ரிஹென்ஷனில் வார்த்தையைத் தேடினால் கிடைக்காது. பத்தியிலிருந்து எதை ஊகிக்கலாம் என்று கேட்பான். அதையாவது கோச்சிங் போய்ச் சமாளிக்கலாம். வேலைக்குச் சேரும்போது எட்டுப் பக்க ஆர்டரை நீட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஆறாவது பக்கத்தில் இருக்கும். வீட்டுக் கடன் ஒப்பந்தத்தில் வட்டி முதல் 24 மாதங்களுக்கு மட்டும்தான் நிலையானது என்று நடுவில் ஒரு வரி இருக்கும். எந்த ஒப்பந்தத்தின் கீழேயும் 'ஆன்ஸர் த ஃபாலோயிங் கொஸ்டின்ஸ்' என்று அச்சடித்துத் தர மாட்டார்கள். கேள்வி கேட்டால் வரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, வரியைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரியாது. கையெழுத்துப் போடும். அதற்கான விலையைக் குடும்பமே கட்டும்.

"முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளை சார், பாஸாவது ஆகட்டும், அந்த எட்டு மார்க்தான் அதைக் காப்பாற்றுகிறது" என்பார்கள். நியாயமான வாதம். வகுப்பில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு, தேர்ச்சி சதவீதத்துக்குப் பதில் சொல்லும் ஆசிரியர் வேறு என்ன செய்வார்? பரீட்சைக்கு முந்தின மாதம் வித்தையைச் சொல்லித் தரட்டும், தப்பே இல்லை. ஆனால் ஜூனிலிருந்து மார்ச் வரை அதையே பாடமாக நடத்துவதுதான் அநியாயம். அதுவும் அந்த முதல் தலைமுறைப் பிள்ளைக்குத்தான் பெரிய அநியாயம். படித்த வீட்டுப் பிள்ளைக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல அப்பா இருக்கிறார். இந்தப் பிள்ளைதான் தன் வீட்டுக்கே படித்துச் சொல்ல வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது?

1. புத்தகம். 1980-ல் ஃபிஜித் தீவில் எல்லி, மங்குபாய் என்ற இருவர் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். இங்கிலீஷ் அவர்கள் வீட்டு மொழி இல்லை. வகுப்புக்கு 250 இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் கொடுத்து, தினமும் கொஞ்ச நேரம் வாசிக்க வைத்தார்கள். ஒரே வருஷத்தில் வாசித்துப் புரிவதிலும் கேட்டுப் புரிவதிலும் அந்தப் பிள்ளைகள் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. 2023-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகத் தமிழில் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். அதையே இங்கிலீஷுக்கும் உயர்நிலை வகுப்புகள் வரை செய்யலாமே. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்துவரியோடு பத்து சதவீதம் நூலக வரி வசூலாகிறது. பள்ளிக்கூட பீரோவின் பூட்டைத் திறக்க யார் வர வேண்டும்?

2. தெரிந்த விஷயத்தில் ஆரம்பிக்க வேண்டும். கிரிக்கெட் பைத்தியத்துக்கு மேட்ச் ரிப்போர்ட். சமையலில் ஆர்வம் உள்ளவருக்குச் சமையல் குறிப்பு. அப்பா வண்டி ஓட்டினால் வண்டியின் இன்ஷூரன்ஸ் பாலிசி. அர்த்தம் பாதி முன்பே தெரிந்திருப்பதால் மீதி வார்த்தைகள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

3. பதிலைத் தமிழில் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் பல பேருக்குக் கோபம் வரும். இங்கிலீஷ் வகுப்பில் தமிழா என்பார்கள். புரிந்ததா என்று சோதிக்கத் தாய்மொழியைவிட நல்ல கருவி கிடையாது. இங்கிலீஷ் பத்திக்கு இங்கிலீஷில் பதில் கேட்டால் காப்பி அடிக்கலாம். தமிழில் கேட்டால் காப்பி அடிக்க வரியே இல்லை. புரிந்தால்தான் வாய் திறக்க முடியும். எழுதிப் பழகுவதற்கு இங்கிலீஷ் பதில் தனியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

4. கேள்வியைப் பிள்ளைகள் போட வேண்டும். பத்தியை மட்டும் கொடுத்து, இதில் எது சந்தேகமாக இருக்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லலாம். ஒப்பந்தம் படிக்கிற காலத்தில் உதவப்போவது இந்தப் பழக்கம்தான்.

இதெல்லாம் நடக்க அரசாணை வர வேண்டும், பாடத்திட்டம் மாற வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் தம்பி தங்கை இருந்தால், அவர்கள் எட்டுக்கு எட்டு வாங்கிய காம்ப்ரிஹென்ஷன் பேப்பரை இன்றைக்கே எடுத்து, அந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதில் என்ன இருந்தது என்று தமிழில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் அந்த எட்டு மார்க்கின் உண்மையான மதிப்பு.