கொல்லைப்புறத்துக் கீரைப்பாத்தி

வீட்டுத்தோட்டம் என்றதும் நம்மில் பலருக்குச் சிவந்து தொங்கும் தக்காளியும், திரண்டு வெளுத்த காலிபிளவரும் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆவலோடு விதைக்கிறோம். இலை சுருள்கிறது, காய் புழுக்கிறது. இரண்டே மாதத்தில் "நமக்குக் கைராசி போதாது" என்று மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுகிறோம். வளர்ப்பதற்கு அரியவற்றில் தொடங்கியதே இதற்குக் காரணம். வீட்டுத்தோட்டத்தின் பயனை, அன்றாடம் நம் பிள்ளைகளின் உணவில் எது சேருகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தசோகை காணப்பட்டது. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை ஈடாகாது. எனினும் நாள்தோறும் கீரை உண்ணும் பழக்கம் உடலுக்கு உறுதுணையாகும். ஆகவே முதலில் மூன்றே மூன்றை வளர்ப்போம்: கீரை, முருங்கை, பப்பாளி.

கீரைக்கு ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பாத்தி போதும். அதை நான்காகப் பிரித்து, வாரத்திற்கு ஒரு பகுதியாக விதையுங்கள். ஒரே நாளில் முழுவதையும் விதைத்தால், ஒரு வாரம் தெருவெல்லாம் கொடுத்துவிட்டு மறுவாரம் கடைக்குப் போக நேரும். கீரை விதை மிகவும் பொடி; உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். சிறுகீரையை ஏறத்தாழ 25 நாட்களில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடியில் இரண்டங்குலம் விட்டு அறுத்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும். நிலம் இல்லாதோர் பழைய தொட்டியிலோ சாக்கிலோ வளர்க்கலாம். அடியில் நீர் வடியத் துளை மட்டும் இருக்க வேண்டும்.

முருங்கையை வீட்டருகில் வைக்கலாகாது என்று முதியோர் சொல்வர். அதன் கிளை எளிதில் முறியும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்புழு கூட்டமாய் அடையும். இவையே அச்சொல்லில் உள்ள நியாயம். வாசலை விட்டு விலக்கி, வேலியோரமாக நட்டால் போதும். நாட்டு முருங்கையைப் போத்து நட்டும், பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற செடிமுருங்கையை விதையிட்டும் வளர்க்கலாம். செடி இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகி, கீரை கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும். காய்க்கு விலை உண்டென்று அதைப் போற்றி, இலையை ஆட்டுக்குப் போடும் வீடுகள் பல. இரும்புச்சத்தும், கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் கரோட்டினும் அந்த இலையில்தான் மிகுதி.

பப்பாளியில் ஆண்மரம், பெண்மரம் என்ற வேறுபாடு பூக்கும்போதே தெரியும். நீண்டு தொங்கும் காம்பில் கொத்துக்கொத்தாய்ப் பூப்பது ஆண். தண்டை ஒட்டிப் பூப்பது பெண். ஆகவே ஒரு குழியில் இரண்டு மூன்று கன்றுகளை விட்டு, பூத்தபின் வேண்டாததை நீக்குக. அடியில் நீர் தேங்கினால் தண்டு அழுகும். மேடான இடமே ஏற்றது.

தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் கீரைக்கு உகந்தது. சோப்பு கலந்த குளியல் நீரைக் கீரைமேல் ஊற்றாமல் வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.

பூச்சியைக் கண்டதும் நஞ்சைத் தேடி ஓடாதீர்கள். 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் மரவள்ளியையும்கூடப் பாழாக்கியது. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவித்துப் பெருக்கி விடப்பட்ட நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளே அதனை அடக்கின. கண்மூடித்தனமாகத் தெளிக்கும் நஞ்சு, இத்தகைய நண்பர்களையும் கொன்றுவிடும். வீட்டளவில் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளித்தால் போதும். அறுக்கும் நாளில் தெளிக்க வேண்டாம். எப்போதும் நன்கு அலசியே சமையுங்கள்.

வளர்த்ததை முறையாகச் சமைப்பதும் வேண்டும். கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆதலால் கீரையில் சிறிது எண்ணெய் சேரட்டும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால், இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். உணவோடு தேநீர் அருந்துவது அதற்குத் தடையாகும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. கத்தரிக்கும் அவரைக்கும் அந்தப் பட்டம் வரட்டும். கீரைக்கோ அடைமழை நாட்களைத் தவிர எல்லா மாதமும் பட்டமே. இவ்வாரமே ஒரு பிடி விதை வாங்கித் தூவுங்கள். நீர் ஊற்றும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் ஒப்படையுங்கள். தான் நீர் ஊற்றி வளர்த்த கீரையை வேண்டாமென்று ஒதுக்கப் பிள்ளைக்கு எளிதில் மனம் வராது.